கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

அந்த வரிசையில் உட்காராதீர்கள் சார். இங்கே வாருங்கள், இந்தத் தூணுக்குப் பக்கத்தில். ஃபேன் காற்று இங்கே எட்டாதுதான். ஆனால் அவர்கள் பேச்சும் எட்டாது. எனக்கு அது போதும்.

சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். கடைசி ரவுண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் வாசலில் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். நேற்றைய கல்யாணத்து வாழைமரத்தைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை, பார்த்தீர்களா? செஸ் போட்டிக்கு மண்டபத்தை இப்படித்தான் கொடுப்பார்கள். உங்கள் பெண்ணும் அங்கேதான் இருக்கிறாள், பார்த்தேன். என் பெண் மேலே, ஆடுகிற ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மிருதுளா. சாப்பிட வரவில்லை. பசிக்கவில்லையாம்.

உங்களுக்கு இது முதல் போட்டி, இல்லையா? எப்படித் தெரியும் என்றால், முதல் தடவை வருகிற அப்பாக்கள் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பழகினவர்கள் வந்ததும் அதைப் பக்கத்து நாற்காலியில் வைத்து இடம் பிடிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் மடியில் வைத்திருந்தவன்தான்.

அந்தக் கூட்டத்தைப் பாருங்கள். ஒரே அகாடமி. ஒரே டப்பாவில் எல்லோரும் கையை விடுகிறார்கள். பார்த்தால் நிச்சயதார்த்தத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும். என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? "உங்க பையனும் அஞ்சு பாயின்ட், எங்க பையனும் அஞ்சு பாயின்ட். எதுக்குங்க ரெண்டும் அடிச்சுக்கணும்? ஆளுக்கு அரை எடுத்துட்டு வரட்டுமே." இதுதான் பேச்சு. ஜெயித்தால் ஒரு பாயின்ட், தோற்றால் ஒன்றும் இல்லை, டிரா என்றால் ஆளுக்கு அரை. அந்த அரையை வைத்துத்தான் இவ்வளவு வியாபாரமும். கடைசி ரவுண்டில் மேலே போய் பத்து மூவ் ஆடுவார்கள், கையைக் குலுக்குவார்கள், கீழே வந்து ஐஸ்கிரீம் கேட்பார்கள். பெற்றவர்கள் வாங்கிக் கொடுப்பார்கள். ரெண்டு பேருக்கும் பரிசு. ரெண்டு பேரும் மாவட்ட அணியில். நடுவில் நேர்மையாக ஆடி, முட்டி மோதித் தோற்ற ஏதோ ஒரு பிள்ளை வெளியே.

எனக்கு டிரா என்றாலே பல்லி விழுந்த சாம்பாரைப் பார்த்த மாதிரி இருக்கும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். என்னால் முடியாது.

பெரிய ஆட்டக்காரர்கள் டிரா செய்வதில்லையா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். அவர்கள் செய்யட்டும். என் வீட்டில் கிடையாது. ஜெயித்து வா, இல்லையென்றால் தோற்று வா. தோற்றால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள். டிரா என்றால் மட்டும் பேச மாட்டேன். அடித்ததில்லை சார். கத்தினதுகூட இல்லை. எத்தனை அப்பாக்கள் இதே மண்டபத்துப் படிக்கட்டில் வைத்து அறைகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன், அருவருப்பாக இருக்கும். நான் அப்படி இல்லை. பேச மாட்டேன், அவ்வளவுதான். அடுத்து ஒரு ஆட்டம் ஜெயிக்கிற வரைக்கும். ஒரு தடவை தர்மபுரியில் ஒரு டிரா எடுத்துவிட்டாள். அடுத்த போட்டி தள்ளிப்போய்விட்டது. நடுவில் தீபாவளி வந்து போனது. புதுத் துணி போட்டுக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். நான் பேப்பர் படித்தேன். சொன்ன வார்த்தை என்றால் சொன்ன வார்த்தைதான். அதற்கப்புறம் அவள் டிரா எடுத்ததே இல்லை. ஒன்றுகூட இல்லை. அப்படி வளர்த்த பெண்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். திருமூர்த்தி என்று கேட்டால் அங்கே எல்லோருக்கும் தெரியும், கொஞ்சம் பயமும் உண்டு. வண்டிக்குப் போகிற சின்னச் சின்ன பாகங்கள் செய்கிறோம். லேத்தில் கடைந்து வருகிற ஒவ்வொன்றையும் அளக்க முடியாது. அதனால் அவ்வப்போது சிலதை எடுத்து அளந்து, சராசரியை ஒரு தாளில் புள்ளியாக வைப்போம். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. புள்ளிகள் அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவில் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தால் அது இயற்கை. எந்த மெஷினும் கொஞ்சம் ஆடும். ஒரு புள்ளி கோட்டைத் தாண்டினால் அது இயற்கை இல்லை. ஏதோ நடந்திருக்கிறது. கருவி மழுங்கியிருக்கும், இல்லை ஆள் மாறியிருப்பான், இல்லை ஆள் தூங்கியிருப்பான். உடனே மெஷினை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். ஆளைப் பிடித்துக் கேட்டால் "ஒண்ணும் பண்ணல சார்" என்பான். புள்ளி அப்படிச் சொல்லாது. அதுதான் எனக்குப் பிடிக்கும்.

போன வருஷம் ஒரு நாள் இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. டிராவையும் இப்படி அளந்தால் என்ன? எல்லா ஆட்டத்தின் முடிவும் இணையத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். இந்த வயசில், இந்த ரேட்டிங்கில், அதாவது ஆட்டத் திறமைக்குப் போடுகிற மதிப்பெண்ணில், இருக்கிற ரெண்டு பேர் ஆடினால் சாதாரணமாக எவ்வளவு டிரா வரும்? ஒரே அகாடமிப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடும்போது எவ்வளவு வருகிறது? அதிலும் கடைசி ரவுண்டில்? ஒரு அகாடமிக்கு ஒரு புள்ளி. மேலே ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து போட்டேன்.

எல்லாப் புள்ளியும் கோட்டுக்குக் கீழே இருந்தது. ஒன்று மட்டும் மேலே. கொஞ்சம் மேலே இல்லை. காக்கா மாதிரி உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது.

அது பெலிக்ஸ் சாருடைய அகாடமி. என் பெண் படித்த அகாடமி.

வாரா வாரம் அவளைக் கொண்டுபோய் விட்டு, வாசலில் காத்திருந்து கூட்டிவந்த இடம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கழுவினேன்.

அங்கே அஃப்ரின் என்று ஒரு பெண். அப்பாவுக்கு கிருஷ்ணகிரியில் மெத்தைக் கடை. நல்ல ஆட்டம், மிருதுளாவைவிட ஒரு படி மேல், ஒத்துக்கொள்கிறேன். இன்னொருத்தி தாரிகா, வாய்க்காரி. இந்த மூன்று பேரும்தான் எப்போதும் ஒன்றாக. அஃப்ரினும் தாரிகாவும் தங்களுக்குள் ஆடினால் எப்போதும் டிரா. என் பெண்ணோடு ஆடினால் மட்டும் டிரா இருக்காது. நான் அதைப் பெருமையாக நினைத்தேன். சேற்றில் நின்றாலும் என் பெண் காலில் ஒட்டவில்லையே என்று.

பெலிக்ஸ் சாரிடம் முதலில் போனேன். மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். அவர் பார்த்தார்.

"சார், நீங்க எதை வேணா அளங்க. இத மட்டும் அளக்க வேணாம்" என்றார்.

"ஏன்?"

"பசங்க விஷயம் சார். வேணாம்னு சொல்றேன், விட்டுடுங்க."

ஒரு பயிற்சியாளர் பேசுகிற பேச்சா இது? தப்பு இல்லையென்றால் "தாராளமா அளங்க" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அங்கேயே முடிவு செய்துவிட்டேன், புகார் கொடுப்பதென்று.

வீட்டில் என் மனைவி சொன்னாள், "ஏங்க, அவளுக்குன்னு இருக்கறது அந்த ரெண்டு ஃபிரண்டுதான். நீங்க பாட்டுக்கு எதையாவது பண்ணிட்டு வந்து நிக்காதீங்க." உமா அப்படித்தான். அவளுக்கு எல்லாமே யார் மனசு நோகும் என்பதுதான். கம்பெனியை அவளிடம் கொடுத்தால் ஒரு பாகத்தைக்கூடத் தள்ளிவைக்க மாட்டாள்.

மிருதுளாவும் வந்தாள். நான் வேலை செய்கிற மேஜைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "அப்பா, அகாடமி மட்டுமா பாப்பீங்க? ஒவ்வொருத்தரையுமா?" என்று கேட்டாள்.

"வேணும்னா ஒவ்வொருத்தரையும் பாக்கலாம். ஏன்?"

"என்னையுமா?"

"உனக்கென்னடா பயம்? நீதான் தர்மபுரிக்கப்புறம் டிராவே எடுத்ததில்லையே."

"குடுக்காதீங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சிநேகிதிகளுக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்தேன். இந்த வயசில் அது இருக்கும்.

அது மாவட்டத் தேர்வு முடிந்த சமயம். நாலு பெண்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அஃப்ரின் இரண்டாவது, என் பெண் நாலாவது. ஐந்தாவதாக வந்தது ஊத்தங்கரையிலிருந்து ஒரு பெண். அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே.

விசாரணை வைத்தார்கள். மாவட்டச் சங்கச் செயலாளர் கோபாலரத்தினத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் நூலகத்தில், லீவு நாளில். அவர், பெலிக்ஸ் சார், மூன்று பெண்கள், அவர்களைப் பெற்றவர்கள், அப்புறம் மாநிலச் சங்கத்திலிருந்து வந்த ஒரு நடுவர் அம்மா, வசுந்தரா என்று பெயர். சின்னவயசுதான். நான் சுவரில் படம் காட்டி விளக்கினேன். அந்தக் காக்காப் புள்ளியைக் காட்டியபோது கோபாலரத்தினம் "அடேங்கப்பா" என்றார். கம்பெனியில்கூட என்னை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

வசுந்தரா கேட்டார், "சார், மேல் கோடு மட்டும் போட்டிருக்கீங்க. கீழ்க் கோடு எங்க?"

"டிரா ஜாஸ்தியானாத்தானே மேடம் தப்பு. கொறஞ்சா என்ன?"

"உங்க கம்பெனில சைஸ் கொறஞ்சு வந்தா பாஸ் பண்ணிடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நியாயமான கேள்வி. எனக்கு அந்த அம்மாமேல் மரியாதைகூட வந்தது. "அகாடமியா இல்லாம, ஆளாளுக்குப் போட்டுக் காட்டுங்களேன்" என்றார். அதற்கென்ன, எல்லாம் தயாராகத்தானே இருக்கிறது, ஒரு பொத்தானைத் தட்டினால் வந்துவிடும். தட்டினேன்.

மேலே அஃப்ரினும் தாரிகாவும் கோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தார்கள். தாண்டவில்லை, தொட்டுக்கொண்டு. தனி ஆளுக்கு ஆட்டம் குறைவு, அதனால் கோடு கொஞ்சம் தள்ளி விழும். கீழ்க் கோட்டுக்கு ரொம்பக் கீழே, தரையில், தனியாக ஒரு புள்ளி.

"இது யாரு?" என்றார் கோபாலரத்தினம்.

"என் பொண்ணு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன் சார். "டிராவே கெடையாது."

"இவ்வளவு ஆட்டத்துல ஒண்ணுகூடவா?" என்று கேட்டார் வசுந்தரா. கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை, மிருதுளாவைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "இவ அகாடமிப் பொண்ணுங்களோட ஆடினத மட்டும் தனியாக் காட்டுங்க. டிரா வேணாம், ஜெயிச்சத."

காட்டினேன். தாரிகாவோடு டிரா, மற்ற எல்லோரையும் அஃப்ரின் ஜெயிக்கிறாள். மிருதுளாவை ஜெயித்தவர்களைக்கூட ஜெயிக்கிறாள். மிருதுளாவிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கிறாள். தாரிகாவும் அப்படியே. ரேட்டிங் வித்தியாசத்துக்கு அப்படி வரவே வராது. என் கையால் போட்ட கணக்கு, என் வாயால் எப்படி இல்லையென்று சொல்வது?

வசுந்தரா அந்தப் பெண்ணைக் கேட்டார். "என்னம்மா அஃப்ரின்? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? பெலிக்ஸ் சாரா?"

"சாருக்குத் தெரியாது மேடம். அப்புறந்தான் தெரியும். திட்டினாரு." அவள் அழவில்லை. நேராகப் பார்த்துப் பேசினாள். "ஆட்டம் டிராவுக்குப் போனா இவளுக்குக் கை நடுங்கும் மேடம். மூவ் எழுத பேனாவப் பிடிக்க முடியாது. பாத்ரூம் போயி வாந்தி எடுத்துட்டு வருவா. அதனால நான் குதிரைய விட்டுருவேன்."

"விட்டுருவேன்னா?"

"சும்மா வெட்டக் குடுத்துருவேன். அப்ப இவ ஜெயிச்சிருவா இல்ல."

"நீ என்னம்மா தாரிகா?"

"நான் டைம விட்டுருவேன் மேடம். கடிகாரத்தப் பாக்காத மாதிரி யோசிச்சுக்கிட்டே இருப்பேன். நேரம் முடிஞ்சா தோல்விதானே."

"அப்ப நீங்க ரெண்டு பேரு மட்டும் உங்களுக்குள்ள டிரா பண்ணிக்கறீங்களே, அது?"

அதற்கு அந்த வாய்க்காரி என்ன சொன்னாள் தெரியுமா? "நாங்க டிரா எடுத்தாலும் எங்க வீட்ல எங்களோட பேசுவாங்க மேடம்."

எவ்வளவு கொழுப்பு பாருங்கள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற சபையில். அவள் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், ஒரு அதட்டல் இல்லை. கோபாலரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பெலிக்ஸ் சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒருவர்கூட அந்தப் பெண்ணைக் கண்டிக்கவில்லை.

பிச்சை சார். என் பெண்ணுக்குப் பிச்சை போட்டிருக்கிறார்கள். ஒரு குதிரை, ஒரு கடிகாரம், என்று தட்டில் போட்டிருக்கிறார்கள். அவளும் கையேந்தி வாங்கியிருக்கிறாள். அவள் ஜெயித்தாள் என்று நான் வழியில் வண்டியை நிறுத்தி வாங்கிக் கொடுத்ததெல்லாம் அந்தப் பிச்சைக்காக. கை நடுங்கினால் நடுங்கட்டுமே. வாந்தி எடுத்தால் எடுக்கட்டுமே. ஆட்டம் என்றால் அதெல்லாம் இருக்கும்தான். அதைத் தாங்கத்தானே நான் அவளைத் தயார் செய்துகொண்டிருந்தேன்? இவர்கள் யார் நடுவில் வந்து இரக்கப்பட?

நான் மிருதுளாவைக் கேட்டேன். "நீ கேட்டு வாங்கினியா?"

"இல்லப்பா."

"அவங்க விட்டுக் குடுக்கறது தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அஃப்ரினைப் பார்த்து, "சாரிடி" என்றாள். என்னிடம் இல்லை சார். அந்தப் பெண்ணிடம்.

அந்த ஆட்டங்களையெல்லாம் செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்று பேருக்கும் அந்த வருஷம் முழுக்க மாவட்டப் போட்டி கிடையாது. அஃப்ரின் இடமும் போனது, என் பெண் இடமும் போனது. கடைசியில் கோபாலரத்தினம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கணக்குல தப்பே சொல்ல முடியாது சார், இத மாநிலத்துக்கு அனுப்பறேன்" என்றார். அனுப்பினார். இப்போது இந்தப் பக்கத்துப் போட்டிகளுக்கெல்லாம் நான்தான் பார்க்கிறேன். முடிந்ததும் முடிவுகளை எனக்கு அனுப்புவார்கள், எந்தப் புள்ளி வெளியே போகிறது என்று பார்த்துச் சொல்வேன். இந்தப் போட்டிக்கும் நான்தான். அந்த வரிசை ஏன் என்னைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறது என்று இப்போது புரிகிறதா? ஒரு வணக்கம்கூடக் கிடையாது. எனக்கு வேண்டியதும் இல்லை.

சாப்பிடுங்கள், தயிர் சாதம் ஆறினால் பரவாயில்லை, மிச்சம் வைக்காதீர்கள்.

மிருதுளாவை அகாடமியிலிருந்து நிறுத்திவிட்டேன். பெலிக்ஸ் சாரே "வேற எடம் பாத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டார், அது வேறு விஷயம். இணையத்தில் ஒரு பயிற்சியாளர் பிடித்தேன். தடை முடிந்து முதல் போட்டிக்கு ஈரோடு கூட்டிப்போனேன். எல்லா ஆட்டமும் தோற்றாள். நான் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சுத்தமான தோல்வி. யாரும் போட்ட பிச்சை இல்லை. திரும்பும்போது வண்டியை நிறுத்தி நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தேன். தோற்ற பெண்ணுக்கு எந்த அப்பா வாங்கிக் கொடுப்பான், சொல்லுங்கள்? சாப்பிட்டாள். "தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

அடுத்ததிலும் எல்லாம் தோல்வி. அதற்கடுத்ததிலும். ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கி வந்துவிடுவாள். "தோத்துட்டேன்ப்பா." முகம் வாடியிருக்காது. தபால்காரர் தபாலைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி சொல்லிவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் போட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்றுதான் இருந்தேன். கை கேட்கவில்லை.

தோல்விக்கும் ஒரு கோடு இருக்கிறது சார். அவள் ரேட்டிங்குக்கு, இப்போது அவள் எதிரில் உட்காருகிற கத்துக்குட்டிகளோடு ஆடினால், இவ்வளவு தோற்க முடியாது. தூக்கத்தில் ஆடினாலும் முடியாது. எதிராளி பண்ணுகிற தப்பிலேயே அங்கங்கே ஒன்று ஜெயித்துத் தொலைக்க வேண்டியிருக்கும். தோற்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஆடினால்தான் இப்படி வரும். அவள் புள்ளி கோட்டுக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. கம்பெனியாக இருந்தால் நான் மெஷினை நிறுத்தியிருப்பேன். இங்கே எதை நிறுத்துவது? காரணத்தைத் தேடு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. காரணம் என்ன இருக்கப்போகிறது? அந்த ரெண்டு பெண்களும் அவள் மனசைக் கெடுத்துவிட்டார்கள். வேறென்ன?

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜெயிக்கிறவர்களைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு பெண்ணை யார் கணக்குப் போட்டுப் பார்க்கப்போகிறார்கள், என்னைத் தவிர?

அவளிடமும் கேட்கவில்லை. கேட்டால் "ஆமாம்ப்பா" என்று சொல்லிவிடுவாளோ என்று இருக்கிறது. இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் அவள் மறைப்பதில்லை.

காலையில் கிளம்பும்போது உமா வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். "இன்னிக்கும் எல்லாத்தையும் தோத்துட்டு வந்தா இதோட போதும்ங்க. அந்த போர்டத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன்." நான் சத்தம் போட வாயெடுத்தேன். மிருதுளா ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள், "சரிம்மா" என்றாள். எவ்வளவு லேசாகச் சொன்னாள் தெரியுமா? ஏதோ ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்துவிட்ட மாதிரி.

இன்றைக்கு இதுவரை எல்லாம் தோல்விதான். இன்னும் ஒரு ரவுண்டு.

செஸ் நின்றுவிட்டால் அவளுக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது, யோசித்துப் பார்த்தேன். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது காயைப் பிடித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தது நான். அன்றிலிருந்து நாங்கள் ரெண்டு பேரும் பேசினதெல்லாம் அதைப் பற்றித்தான். மற்றதெல்லாம் அவள் அம்மாவிடம். இப்போது அவள் தானாக என்னிடம் வந்து சொல்வது ஒரே ஒரு வாக்கியம். தோத்துட்டேன்ப்பா. நாளையிலிருந்து அதுவும் இருக்காது.

கடைசி ரவுண்டு ஜோடி போட்டுவிட்டார்கள், போனில் வந்துவிட்டது. நீங்கள் பார்க்கவில்லையா? பாயின்ட் குறைந்தவர்கள் ஆடுகிற கடைசி போர்டில், மிருதுளா. எதிரில் உங்கள் பெண்.

அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன் என்று நினைக்காதீர்கள். அந்த வரிசையில் உட்கார வேண்டாம் என்று சொன்னது நிஜமான அக்கறையில்தான்.

சார், ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பெண்ணை ஒரு டிரா கேட்கச் சொல்லுங்கள்.

இருங்கள், இருங்கள், முழுசாகக் கேளுங்கள். இது அவர்கள் செய்வது மாதிரி இல்லை. இதில் பரிசு இல்லை, அணி இல்லை, யார் இடமும் போகப்போவதில்லை. கடைசி போர்டு. உங்கள் பெண்ணுக்கு ரேட்டிங் இல்லை, ரேட்டிங் உள்ள பெண்ணோடு அரை பாயின்ட் என்றால் அவளுக்கு நல்லதுதான். எடுத்த உடனே கேட்க வேண்டாம். கொஞ்ச நேரம் நன்றாக ஆடட்டும், காய்கள் குறையட்டும், அப்புறம் கேட்கட்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு டிரா எந்தக் கோட்டையும் தொடாது. முடிவுகளைப் பார்க்கப்போவதும் நான்தான். நான் ஒன்றும் எழுத மாட்டேன்.

அவள் ஒத்துக்கொள்வாளா என்று தெரியவில்லை. நான் இருக்கிறேன் என்று மறுத்துவிடுவாளோ, என்னவோ. ரெண்டாவது தடவையும் கேட்கச் சொல்லுங்கள்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? டப்பாவை மூடாமல் எடுத்துக்கொண்டு போகிறீர்களே. சார், நான் கேட்டதை உங்கள் பெண்ணிடம் சொல்ல வேண்டாம், சரி. டிரா வேண்டாம். அவள் ஜெயித்தாலும் ஜெயிக்கட்டும். உட்காருவதற்கு முன்னால் கை குலுக்குவார்கள் இல்லையா, அப்போது கொஞ்சம் சிரித்துக்கொண்டே கையைக் கொடுக்கச் சொல்லுங்கள். மேலே அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.